ஆட்டோ கியர்பாக்ஸ் ஒழுகினால் உடனே இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்

பினாங்கில் பிக்கப் வைத்திருப்பவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். தீவில் ஒரு குடும்பம் 3,800 வெள்ளி கொடுத்து ஏமாந்திருக்கிறது. அதே கதையைச் சொல்லி உங்களிடமும் பணம் கேட்கலாம்.

வண்டி 2010 டொயோட்டா ஹைலக்ஸ். 4 கியர் ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல், டிப்ஸ்டிக் (எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி) உள்ள வகை. துன் சார்டோன் மேட்டில் பாலிக் பூலாவுக்கு அடிக்கடி ஏறி இறங்கும். நிறுத்தும் இடத்தில் காலையில் பார்த்தால் தரையில் ஐம்பது காசு அகலத்துக்குச் சிவப்பு எண்ணெய். செபராங் பிறையில் உள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வண்டியை லிஃப்டில்கூட ஏற்றவில்லை. குனிந்து டார்ச் அடித்துப் பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் மணி வடிவக் கூடு) அடியில் ஈரத்தைப் பார்த்ததும் தீர்ப்பு வந்துவிட்டது: "அண்ணே, ஃபிரண்ட் சீல் போச்சு. கியர்பாக்ஸ் இறக்கணும். கன்வர்ட்டரும் செக் பண்ணணும், இல்லாட்டி கியாரண்டி தர முடியாது." ஃபிரண்ட் சீல் என்பது கியர்பாக்ஸின் முன்பக்கம் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்; கன்வர்ட்டர் என்பது எஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம். ஐந்து நாளில் வண்டி திரும்பியது. பதினோராம் நாள் மறுபடியும் ஒழுக்கு, முன்னைவிட மோசம்.

வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அந்த கியர்பாக்ஸ் இறக்கப்படவே இல்லை. இறக்குவதென்றால் முன்னும் பின்னும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (சக்கரங்களுக்கு விசை கடத்தும் தண்டு) கழல வேண்டும், கிராஸ் மெம்பர் (கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) கழல வேண்டும், ஸ்டார்ட்டர், கூலர் பைப் யூனியன்கள், பெல் ஹவுசிங் போல்ட்டுகள் எல்லாம் கழல வேண்டும். அந்த வண்டியில் பெல் ஹவுசிங் மேல் போல்ட்டுகளின் தலையைச் சுற்றிப் பழைய செம்மண் காய்ந்து, விரிசல் விட்டு, அப்படியே ஒட்டியிருந்தது. சாக்கெட் ஒருமுறை பட்டிருந்தாலும் அந்த மண் உதிர்ந்திருக்கும். கிராஸ் மெம்பருக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே தூசி படிந்த சிலந்தி வலை. ஐந்து நாளில் சிலந்தி வலை கட்டலாம், ஆனால் அதில் அவ்வளவு தூசி படியாது.

"மாற்றிய பழைய சீல்" என்று ஒன்றைப் பையில் போட்டும் கொடுத்திருந்தார்கள். அதை முகர்ந்து பார்த்தாலே போதும். அழுகிய முட்டை மாதிரி கந்தக வாடை. அது சக்கர அச்சின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியலில் ஊற்றும் கியர் ஆயிலின் வாடை. ஆட்டோ கியர் எண்ணெய்க்கு அந்த வாடை வராது. ஏதோ ஒரு வண்டியின் டிஃபரன்ஷியலில் இருந்த பினியன் சீலைக் குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

உண்மையான ஒழுக்கு எங்கே என்றால், ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிப் பக்கத்தில். அந்தத் தொட்டிக்குள்தான் ஆட்டோ எண்ணெய் குளிர்கிறது. கியர்பாக்ஸிலிருந்து வரும் இரும்புப் பைப்புக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இரண்டு குட்டை ரப்பர் ஹோஸ் இருக்கும். அதில் ஒன்று கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. எஞ்சின் ஓடி எண்ணெய் சூடாகும்போது மட்டும் கசியும். கசிந்தது பைப்பைப் பிடித்துக்கொண்டே பின்னால் வழிந்து பெல் ஹவுசிங் அடியில் சேர்ந்து சொட்டும். பார்ப்பவனுக்கு அச்சு அசல் ஃபிரண்ட் சீல் மாதிரியே தெரியும். ஹோஸ் இரண்டு, கிளிப் நான்கு, எல்லாம் சேர்ந்து 80 வெள்ளியைத் தொடவில்லை. ஹோஸ் வாங்கும்போது ஆட்டோ கியர் எண்ணெய்க்கென்று விற்பதையே கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஹோஸைப் போட்டால் எண்ணெய் பட்டு ஊதி, மெத்தென்று ஆகி, சூட்டில் கழன்றுவிடும். நெடுஞ்சாலையில் அது கழன்றால் சில நிமிடத்தில் எண்ணெய் மொத்தமும் வெளியேறி, கியர்பாக்ஸ் நிஜமாகவே போய்விடும்.

ஒழுக்கு ஏன் அதிகமானது? ஒழுக்கை மறைக்க எண்ணெயை அளவுக்கு மீறி ஊற்றியிருந்தார்கள். டிப்ஸ்டிக்கில் சூட்டுக் குறிக்கு மேலே இரண்டு விரல் உயரம். அளவு கூடினால் உள்ளே சுழலும் கியர்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். அந்த நுரை மேலே இருக்கிற பிரீதர் (காற்றுப் போகும் துளை) வழியாகப் பொங்கி ஹவுசிங் மேல் வழியும். அதுவும் பார்ப்பதற்கு இன்னொரு சீல் போனது மாதிரிதான் இருக்கும். நுரைத்த எண்ணெயில் அழுத்தம் நிற்காது, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் வழுக்கிக் கருகும். போதாததற்கு, "ஸ்டாப் லீக்" மருந்து வேறு கலந்திருந்தார்கள். அது ரப்பரை ஊதவைத்துக் கொஞ்ச நாள் கசிவை அடக்கும், பிறகு சீல்கள் மெத்தென்றாகிவிடும். அதைத் துரத்துவதும் லேசில்லை. பேனை (கியர்பாக்ஸின் அடித்தட்டை)த் திறந்துவிட்டால் இந்த வகை கியர்பாக்ஸில் கிட்டத்தட்ட 2 லிட்டர்தான் இறங்கும், மிச்சமெல்லாம் கன்வர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். அதனால் வடித்து, டெக்ஸ்ரான் 3 வகை ஆட்டோ எண்ணெயை ஊற்றி, ஓட்டி, மறுபடி வடித்து என மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தது.

இனி, ஒழுக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம். இதைச் செய்யாமல் எந்தப் பட்டறை விலை சொன்னாலும் நம்பாதீர்கள்.

முதலில் அது ஆட்டோ எண்ணெய்தானா என்று பாருங்கள். வெள்ளை அட்டையை அடியில் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில், பெரும்பாலும் பின் மெயின் சீல் அல்லது வால்வ் கவர். கந்தக வாடை வந்தால் கியர் ஆயில். சிவப்பாகவே இருந்தாலும் அவசரப்படாதீர்கள், அந்தக் காலத்து ஹைலக்ஸ் பவர் ஸ்டீயரிங்கிலும் ஓடுவது இதே சிவப்பு எண்ணெய்தான். ஸ்டீயரிங் தொட்டியில் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

அடுத்து, கழுவுங்கள். ரேடியேட்டர் அடியிலிருந்து கியர்பாக்ஸின் பின்முனை வரை பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துக் காயவிட வேண்டும். எண்ணெயில் யூவி சாயம் கலந்து 20 கிலோமீட்டர் ஓட்டி, யூவி டார்ச்சில் பாருங்கள். சாயம் கிடைக்காவிட்டால் முகப்பவுடரைத் தூவுங்கள், ஈரம் படும் இடம் கோடு போட்டுக் காட்டும். ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும், புவியீர்ப்பு கீழே இழுக்கும். ஆகவே ஈரமான இடங்களில் எது ஆக முன்னாலும் ஆக உயரத்திலும் இருக்கிறதோ அங்கேதான் ஊற்றுக்கண். சொட்டுகிற இடத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. பட்டறைக்காரர் செய்தது அதைத்தான்.

வழக்கமாகக் கசியும் இடங்கள்: கூலர் ஹோஸ், பேன் கேஸ்கெட், டிப்ஸ்டிக் குழாய் அடியில் உள்ள ஓ-ரிங், செலக்டர் ஷாஃப்ட் சீல், ஸ்பீட் சென்சர் ஓ-ரிங். இவற்றில் ஒன்றுக்கும் கியர்பாக்ஸை இறக்கத் தேவையில்லை. பேன் கசிந்தால் 10 எம்எம் போல்ட்டுகளைப் பலம்கொண்டு முறுக்காதீர்கள். அவற்றுக்கு 7 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையே போதும், கைவிரல் பலத்துக்குக் கொஞ்சம் மேல். மீறினால் தகடு வளைந்து கசிவு நிரந்தரமாகும். பேனைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் காந்தங்களையும் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை. விரலில் குத்துகிற இரும்புத் துணுக்கு இருந்தால், எண்ணெயில் கருகல் வாடையும் வந்தால், அப்போது ஓவர்ஹால் (முழுசாகப் பிரித்துச் சரிசெய்வது) பேச்சை எடுக்கலாம்.

எண்ணெய் சிராப் பண்டோங் மாதிரி இளஞ்சிவப்புப் பாலாக இருந்தால் வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். ரேடியேட்டருக்குள் கூலர் வெடித்துத் தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் போயிருக்கிறது.

ஃபிரண்ட் சீல் நிஜமாகவே போவதும் உண்டு, மறுக்கவில்லை. அப்போது ஹவுசிங்கின் கீழ்மூடியைத் திறந்தால் உள்பக்கம் சுற்றிலும் சிவப்பு எண்ணெய் விசிறியடித்திருக்கும், கன்வர்ட்டர் முதுகும் நனைந்திருக்கும். உள்ளே காய்ந்து, வெளியே மட்டும் ஈரமாக இருந்தால் அது ஃபிரண்ட் சீல் இல்லை. மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அதற்குப் பத்து நிமிடம் போதும்.

அளவு பார்க்கும் முறையும் தெரிந்திருக்கட்டும்: சமதளத்தில், எண்ணெய் 70 முதல் 80 டிகிரி சூட்டில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்துக் கியரை எல்லா நிலைக்கும் ஒருமுறை நகர்த்தி, பார்க்கிங்கில் வைத்துப் பிறகு டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகத்தான் காட்டும்.

ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. சொந்த உபயோக வண்டி என்றால் திரிபூனல் துந்துத்தான் பெங்குனாவில் (பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில்) 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை 3 ஆண்டுக்குள் கோரலாம். வழிகாட்டுதலுக்குப் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். ஆனால் கையில் சான்று வேண்டும். பில்லில் "கியர்பாக்ஸ் சர்வீஸ்" என்று ஒற்றை வரியில் எழுதினால் ஏற்காதீர்கள். என்ன சீல், எத்தனை லிட்டர், என்ன எண்ணெய், கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

வண்டியை விடும் முன்னால் இன்னொரு வேலை. வெள்ளை பெயிண்ட் மார்க்கரால் பெல் ஹவுசிங் போல்ட் இரண்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட் இரண்டு, கிராஸ் மெம்பர் போல்ட் ஒன்று, இவற்றின் தலையிலிருந்து அதை ஒட்டியிருக்கும் பாகம் வரை ஒரு கோடு இழுத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றி மாட்டிய போல்ட்டில் அந்தக் கோடு பழையபடி நேராகச் சேராது.