கும்பகோணத்தில் வாங்கிய 300 வெள்ளைச் சாக்குகள்

போன தை அறுவடைக்கு முன்னால் கும்பகோணத்தில் ஒரு மொத்தக் கடையில் 25 கிலோ சிப்பத்துக்கான பிளாஸ்டிக் சாக்கு 300 வாங்கினேன். ஒன்று 15 ரூபாய். தூயமல்லியும் கருப்புக் கவுனியும் பயிர் செய்து, அரிசியாக்கி வீடுகளுக்கு நேராக அனுப்புகிறோம். சாக்கு பிய்ந்தால் கெடுவது எங்கள் பெயர்தான்.

அதற்கு முந்தைய வருடம் வேறொரு கடையில் இரண்டு ரூபாய் மலிவு என்று வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டேன். விதைநெல் கட்டி, சாயங்கால வெயில் படும் தாழ்வாரத்தில் அடுக்கியிருந்தோம். வைகாசியில் தூக்கினால் சாக்கு அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. நெல்லுக்குள் விழுந்த வெள்ளை நாரைப் பொறுக்க நானும் மாமியாரும் மூன்று நாள் உட்கார்ந்தோம். இந்தச் சாக்கு செய்யும் பிளாஸ்டிக்கான பாலிபுரோப்பிலீன் வெயிலுக்குத் தாங்காது. சாக்கு நெய்வதற்கான பிளாஸ்டிக் நாடாவை இழுக்கும்போதே புற ஊதாக் கதிரைத் தாங்குவதற்கான மருந்து சேர்த்திருக்க வேண்டும். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இந்த முறை கத்தரிக்கோலோடு போனேன். மாதிரிச் சாக்கின் ஒரு பக்கத்தில் 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தேன். 0.74 கிராம். நூறால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 74 கிராம். கடைக்காரர் சொன்னது 75. அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது.

வட்டத்தறியில் குழாயாக நெய்த துணி, அதனால் பக்கவாட்டில் தையலே கிடையாது. அடியை இரண்டு மடிப்பு மடித்துத் தைத்திருக்கிறார்கள். வாய் சூட்டில் வெட்டியது, நூல் பிரியவில்லை. நிரப்பிய சிப்பத்தை வேனிலிருந்து கீழே போட்டுப் பார்த்தோம், தையல் விடவில்லை. பிளாஸ்டிக் வாடையும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கடைக்காரர் கேட்ட ஒரு கேள்வி: "அக்கா, அரிசிக்கா, விதைநெல்லுக்கா?" விதைநெல் என்றால் உள்பூச்சு (துணிமேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) வேண்டாம், காற்றுப் போகாமல் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும் என்றார். பூச்சு போட்ட சாக்குக்கு விலை அதிகம். இருந்தும் அதை என் தலையில் கட்டவில்லை.

அப்பா காலத்தில் சிமெண்டுகூட சணல் சாக்கில்தான் வந்தது. இன்று சிமெண்டு, உரம், சர்க்கரை எல்லாம் பெரும்பாலும் இந்தப் பிளாஸ்டிக் சாக்கில்தான். 2022 ஜூலையில் 25 கிலோ வரை பொட்டலமிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தன. அந்த அளவுக்கென்றே இந்தக் கடையில் தனி அடுக்கு இருக்கிறது.

குறை என்றால் வழுக்கல். ஆறு வரிசைக்கு மேல் அடுக்கினால் சரிகிறது. சணல் சாக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சணல் மூட்டைகள் மலைபோல் அசையாமல் நிற்பதைப் பார்த்தால் தெரியும். நாங்கள் வரிசைக்கு வரிசை திசை மாற்றி அடுக்குகிறோம், ஓரளவு நிற்கிறது.

வருகிற தைக்கு 500 சொல்லிவிட்டேன். அதில் 100 பூச்சில்லாதது, விதைநெல்லுக்கு.