லாடமா, வெறுங்குளம்பா? ஏற்காட்டுக் குதிரைக்கு எது சரி?

சேலம் சமவெளியில் குதிரை வளர்ப்பவருக்கும் ஏற்காட்டில் வளர்ப்பவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. குளம்புச் சுவர் மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். தினமும் தார் ரோட்டில் வண்டி இழுத்தாலோ, சேர்வராயன் மலையின் கல் பாதையில் சவாரி போனாலோ வளர்வதைவிடத் தேய்வது அதிகமாகிவிடும். அந்தக் குதிரைக்கு லாடம் வேண்டும். ஆணி உணர்வில்லாத வெளிச்சுவரில்தான் இறங்க வேண்டும். குளம்பின் அடியில் சுவரும் உள்ளங்காலும் சேரும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும்; ஆணி அதைத் தாண்டி உள்ளே போனால் குதிரை நொண்டும். மாட்டுக்கு லாடம் அடிப்பவர் எல்லாருக்கும் இது கைவராது. மாட்டுக்குப் பிளந்த குளம்பு, காலுக்கு இரண்டு துண்டு, சாய்த்துக் கட்டி அடிப்பார்கள். குதிரைக்கு நின்ற நிலையிலேயே அடிக்க வேண்டும்.

வழவழ இரும்பு ஈரத் தாரில் வழுக்கும். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மழை நாளில் லாடக் குதிரையை இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெறுங்குளம்புக்குச் செலவு குறைவு, பிடிப்பு நல்லது. காபித் தோட்டத்து மண்ணில் மெதுவாக நடக்கும் குதிரைக்கு அதுவே போதும். அதற்காகச் சும்மா விட்டுவிட முடியாது: 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வெட்டி அரம் போட வேண்டும். லாடத்துக்கும் அதே கணக்குதான்.

ஏற்காட்டு ஈரத்தில் குளம்பழுகல் இரண்டையும் விடாது. குளம்பின் அடியில் நடுவே உள்ள முக்கோண மெத்தையின் ஓரப் பள்ளத்தில் கறுப்பாக, நாற்றத்தோடு வரும். தினமும் கொக்கியால் சுத்தம் செய்து, காய்ந்த தரையில் கட்டுங்கள். லாடமா, வெறுங்குளம்பா என்று இன்னும் முடிவு வரவில்லையா? உடல் எடையில் பெரும்பங்கை முன்கால்களே தாங்குகின்றன. அவற்றுக்கு மட்டும் லாடம் போட்டுப் பார்க்கலாம்.