கப்பலூரில் ‘100% பசுமை மின்சாரம்’: ஒரு வருஷம் வாங்கிய பிறகு

மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் சின்ன யூனிட் எங்களுடையது. சரக்கு வாங்கும் வண்டிக் கம்பெனி அனுப்பிய படிவத்தில், மின்சாரத்தில் பசுமை எத்தனை சதவீதம் என்று கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் இந்த ‘100% பசுமை மின்சாரம்’ சேவையை எடுத்தோம். சேவையை விற்ற கம்பெனியின் பெயர் வேண்டாம். இதே பேச்சோடு பல பேர் வருகிறார்கள்.

கரன்ட் என்னவோ ஈபி கரன்ட்தான். கம்பியும் மீட்டரும் மாறவில்லை. இவர்கள் விற்பது புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ். எங்கோ ஒரு காற்றாலையோ சோலாரோ 1000 யூனிட் உற்பத்தி செய்தால் ஒரு சான்றிதழ். 2010-லிருந்து நடப்பில் இருக்கும் முறைதான், அதில் குறை இல்லை. பில் சரியாக வருகிறது, போனை எடுக்கிறார்கள், மரியாதையாகப் பேசுகிறார்கள்.

என் சண்டை அந்த ‘100% பசுமை, கார்பன் ஜீரோ’ என்ற வாசகத்தோடு. இலைப் படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் ஆலையின் பெயர் இல்லை, வருஷம் இல்லை, சான்றிதழ் எண்ணும் இல்லை. விடாமல் கேட்டு வாங்கினேன். வேறு மாநிலத்தில் பல வருஷமாக ஓடும் காற்றாலை, உற்பத்தியும் பழையது. 2022 விதிமுறைப்படி விற்காத சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. அப்படியானால் நான் கொடுத்த பணத்தால் புதிதாக ஒரு யூனிட்டாவது வந்ததா? “நீங்கள் வாங்கினால்தான் சார் புதுக் காற்றாலை வரும்” என்றார் வந்த தம்பி. எங்கே, எப்போது என்று கேட்டேன், பதில் வரவில்லை.

ரப்பரைச் சூடாக்கி அச்சில் அழுத்தும் எங்கள் பிரஸ் ராத்திரி ஷிஃப்டிலும் ஓடும், ஹீட்டரை அணைக்க முடியாது. ஆடியில் காற்று அடிக்கும், சரி. மார்கழி ராத்திரியில் அந்தச் சூட்டுக்குப் பெரும்பகுதி நிலக்கரிதான் எரிகிறது. நாட்டின் மின்கட்டமைப்பில் (கிரிட்) யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. கரன்ட் போனால் ஜெனரேட்டர். அந்த டீசலும் ‘ஜீரோ’வுக்குள் எப்படி வரும்?

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது: பசுமை என்று விளம்பரம் செய்தால் ஆதாரம் காட்ட வேண்டும். அதைச் சொல்லி மெயில் போட்ட பிறகுதான் வாசகத்தை மாற்றுகிறோம் என்றார்கள். இன்னும் மாற்றவில்லை. புகார் செய்ய நினைப்பவர்களுக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

சேவைக்கு நாலு நட்சத்திரம், வாசகத்துக்கு ஒன்று. படிவத்தில் ‘100%’ என்று எழுதவில்லை. இத்தனை யூனிட்டுக்குச் சான்றிதழ் வாங்கினோம், ஆலை இது, உற்பத்தி வருஷம் இது என்று எழுதி அனுப்பினேன். வண்டிக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. அடுத்த வருஷம் அந்தப் பணம் கூரை சோலாருக்கு. பகல் ஷிஃப்டுக்கு மட்டும்தான் வரும், ஆனால் மீட்டரில் கண்ணால் பார்க்கலாம்.