பிஎஸ்5-ல் ஓடும் என்று சொல்லிப் பழைய ஸ்டியரிங்கைத் தலையில் கட்டிவிட்டார்கள், 16,500 ரூபாய் போச்சு

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கம் யாராவது பிளேஸ்டேஷனுக்குப் பழைய ரேசிங் வீல், அதாவது கார் கேம் ஓட்டுகிற ஸ்டியரிங், தேடிக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இப்போதுதான் அந்தக் கடையிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன், கோபம் இன்னும் அடங்கவில்லை. கடைப் பேரைப் போடவில்லை. பழைய லேப்டாப், கேம் பெட்டி, கண்ட்ரோலர் எல்லாம் வாங்கி விற்கிற, கூடவே சர்வீஸும் பார்க்கிற ஒரு கடை, அவ்வளவு போதும். பழைய வீல் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் பிஎஸ்5, அதாவது பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி இருக்கிறது, அத்தான் மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. அக்கா மகனும் நானும் அதில் கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் ரேஸ் கேம் ஓட்டுவோம். நான் கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன், ஷிப்ட் முடிந்து வந்தால் எனக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அதுதான். கண்ட்ரோலரில் கட்டைவிரலால் வளைத்து ஓட்டுவது ஒரு மட்டுக்கு மேல் அலுத்துவிடும், கிளட்ச், கியரோடு ஒரு ஸ்டியரிங் வேண்டும் என்று ரெண்டு பேருக்கும் நாள்பட்ட ஆசை. புதுசு விலை கட்டுபடியாகாது. தீபாவளி போனஸில் வீட்டுச் செலவு போக ஒதுக்கி வைத்திருந்த பணம் இருந்தது. அந்தக் கடை பழைய சாமான் விற்கிற ஒரு ஆப்பில் படம் போட்டிருந்தது: லாஜிடெக் ஜி27, வீல், மூன்று பெடல், கியர் லிவர், எல்லாம் சேர்த்து 16,500 ரூபாய்.

போன் போட்டுக் கேட்ட முதல் கேள்வியே பிஎஸ்5-ல் ஓடுமா என்பதுதான். "ஓடும் தம்பி, நேர்ல வாங்க, காட்டுதேன்" என்றார். நேரில் போயும் மறுபடி கேட்டேன். நல்ல மனுஷன் மாதிரிதான் பேசினார், உட்காரச் சொல்லி டீ வாங்கிவரச் சொன்னார். அலமாரியிலிருந்து வீலை எடுத்து, பனியன் துணியால் தூசி தட்டி, மேஜை விளிம்பில் இறுக்கி மாட்டினார். ஒரு லேப்டாப்பில் யூஎஸ்பியைச் செருகி, பவரைப் போட்டதும் யாரும் தொடாமலே ஸ்டியரிங் இடது பக்கம் முழுக்கச் சுற்றி, வலது பக்கம் முழுக்கச் சுற்றி, நடுவில் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. ஒரு கார் கேமைப் போட்டு ஓட்டச் சொன்னார். மண்ணில் இறங்கினால் கையில் உதறுகிறது, வளைவில் ஸ்டியரிங் எதிர்த்துப் பிடிக்கிறது, தோல் சுற்றின கைப்பிடி, நடுவில் எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப எரிகிற சின்னச் சின்ன விளக்கு, இரும்பு பெடல். எந்தப் பழுதும் இல்லை.

சரி, பிஎஸ்5-ல் ஒரு தடவை காட்டுங்க அண்ணாச்சி என்று கேட்டேன். கேட்டேன் என்பதைத் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் அப்புறம் அவர் அதையே மாற்றிப் பேசினார். "இப்ப கடையில பிஎஸ்5 இல்ல தம்பி, சர்வீஸுக்கு வந்ததும் நேத்துதான் கொண்டு போனாவ. இதுல ஓடுனா அதுலயும் ஓடும், யூஎஸ்பி எல்லாம் ஒண்ணுதான. பிளேஸ்டேஷனுக்குன்னு செஞ்ச வீலுதான் இது. ஓடலன்னா கொண்டு வாங்க, நான் எங்க போயிரப் போறேன், இதே எடத்துலதான் பதினஞ்சு வருஷமா கடை வச்சிருக்கேன்." இந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் நான் பணத்தை எடுத்தேன். 10,000 ஜிபேயில், 6,500 கையில். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் "ஜி27 வீல் 1, 16,500" என்று எழுதிக் கொடுத்தார், கடை சீல்கூட இல்லை. பிஎஸ்5-க்கு என்று அதில் ஒரு வார்த்தை எழுதுங்கள் என்றதற்குச் சிரித்துக்கொண்டே "அதெல்லாம் எதுக்கு தம்பி, வாய் வார்த்தை போதாதா" என்றார்.

வீட்டுக்கு வந்து டீப்பாயில் மாட்டினோம். வீல் சுற்றிவிட்டு நின்றது. கேமுக்குள் போனால் எதுவும் அசையவில்லை. பெடலை மிதித்தால் ஒன்றும் இல்லை, எந்தப் பட்டனுக்கும் திரையில் ஒரு அசைவு கிடையாது. அக்கா மகன்தான் வீலை உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல பிஎஸ் பட்டனே இல்லயே" என்றான். உண்மைதான், வீலில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு பட்டன், மிச்சமெல்லாம் கியர் பெட்டியின் மேல் இருக்கிறது. பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரில் இருக்கிற முக்கோணம், சதுரம் போட்ட பட்டன் எங்கேயும் கிடையாது.

உடனே கடைக்குப் போன் போட்டேன். கன்சோலை, அதாவது கேம் பெட்டியை, அப்டேட் பண்ணுங்கள் என்றார், பண்ணினோம். யூஎஸ்பியைப் பின்பக்கம் செருகுங்கள் என்றார், செருகினோம். கேமில் செட்டிங் மாற்ற வேண்டும் என்றார். என்ன செட்டிங் என்றால், "நெட்ல போட்டுருப்பான் பாருங்க தம்பி" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு போனைக் கடைப் பையன்தான் எடுத்தான். "அண்ணாச்சி சாப்பிடப் போயிருக்காவ", "அண்ணாச்சி தென்காசிக்குப் போயிருக்காவ", "வந்ததும் சொல்லுதேன்". யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. வேறு நம்பரிலிருந்து அடித்தபோது முதல் ரிங்கிலேயே அண்ணாச்சியே எடுத்தார், என் குரலைக் கேட்டதும் லைன் கட்.

அவர் பதில் சொல்ல மாட்டேன் என்றான பிறகு நானே தேடிப் படித்தேன். படித்ததில்தான் கோபம் இன்னும் கூடியது, ஏனென்றால் இது ஏதோ ரகசியமோ, பத்து வருஷம் சர்வீஸ் பார்த்தால்தான் தெரிகிற நுணுக்கமோ இல்லை. ஜி27 வந்தது பிஎஸ்3 காலத்தில். கம்ப்யூட்டர், பிஎஸ்2, பிஎஸ்3, இந்த மூன்றுக்கும் செய்த சாமான். பிஎஸ்3 வீல் விஷயத்தில் கறார் காட்டாது. 2013-ல் பிஎஸ்4 வந்ததோடு கதை மாறிவிட்டது. செருகுகிற வீல் பிளேஸ்டேஷன் செய்கிற சோனியின் லைசென்ஸ் வாங்கினதுதானா என்று கன்சோல் உள்ளுக்குள்ளேயே சோதித்துப் பார்க்கிறது, அதற்குப் பதில் சொல்கிற வசதி வீலுக்குள் இருந்தால்தான் உள்ளே விடும். ரேஷன் கார்டு இல்லாமல் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி, பையில் எவ்வளவு பணம் இருந்தாலும் அரிசி போட மாட்டார்கள். ஜி27-ல் அந்த வசதி கிடையாது. அதனால்தான் லாஜிடெக்கே 2015-ல் பிஎஸ்4-க்கு ஜி29 என்று தனியாக இறக்கியது. யூஎஸ்பி எல்லாம் ஒன்றுதான் என்று அண்ணாச்சி சொன்னாரே, ஒயர் ஒன்றுதான், கன்சோல் கேட்கிற கேள்வி வேறு. ஸ்டியரிங் தானாகச் சுற்றினதும் ஒன்றுக்கும் அத்தாட்சி இல்லை. பவரும் யூஎஸ்பியும் கொடுத்தால் நடு எங்கே என்று பார்க்க அது தன்பாட்டுக்குச் சுற்றும்.

பிஎஸ்5-க்கும் அதே நிலைமைதான். லைசென்ஸ் உள்ள ரேசிங் வீல்கள் பிஎஸ்5 கேம்களிலும், ஆதரவு உள்ள பிஎஸ்4 கேம்களிலும் வேலை செய்யும் என்று பெட்டி வெளிவருவதற்கு முன்பே, 2020 ஆகஸ்டிலேயே சோனி சொல்லிவிட்டது. ஜி29, திரஸ்ட்மாஸ்டர் டி300 மாதிரியானவை பிஎஸ்4 காலத்து வீல்கள்தான், பிஎஸ்5-லும் கிரான் டூரிஸ்மோ 7 நன்றாக ஓட்டலாம். அப்படியென்றால் பழைய வீல் எதுவுமே ஓடாது என்பதும் இல்லை, பழையது எல்லாம் ஓடும் என்பதும் இல்லை, எந்தக் காலத்துப் பழசு என்பதுதான் விஷயம். பதினைந்து வருஷம் இதே தொழிலில் இருக்கிறவருக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். தெரிந்தேதான் விற்றிருக்கிறார். பிஎஸ்3 வைத்திருக்கிற ஆள் இப்போது எத்தனை பேர், அந்த வீல் அலமாரியில் எத்தனை நாள் தூங்கியிருக்கும், யோசித்துப் பாருங்கள். வீல் செய்த கம்பெனி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அருமையான சாமான், கம்ப்யூட்டரில் இன்றைக்கும் ஓடுகிறது. நல்ல கேமிங் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் இல்லை, அது அவருக்கும் தெரியும், பிஎஸ்5-க்கு என்று சொல்லித்தான் வாங்கினேன்.

வீலைப் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன். வேறு ஆட்கள் ரெண்டு பேர் நின்றார்கள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி, மறுபடி அதே லேப்டாப்பில் செருகி, மறுபடி அதே மாதிரி சுற்றவிட்டு, "பாருங்க, ஓடுது. பொருள்ல பழுது இல்ல. ஒங்க பெட்டியில ஏத்துக்கிடலன்னா நான் என்ன செய்ய முடியும்?" என்று அந்த ரெண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். பிஎஸ்5-க்கு என்று கேட்டுத்தானே வாங்கினேன் என்றேன். "பிளேஸ்டேஷன்னு சொன்னேன், அஞ்சுன்னு எப்பச் சொன்னேன்? சீட்டுல இருக்கா?" அந்தச் சீட்டில் ஏன் எழுத மாட்டேன் என்றார் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. அப்புறம் குரலைத் தணித்து, வீலுக்கும் கன்சோலுக்கும் நடுவில் மாட்டுகிற ஒரு அடாப்டர் இருக்கிறது, 7,000 ரூபாய், வரவழைத்துத் தருகிறேன், ஓடிவிடும் என்கிறார். 16,500 கொடுத்தவன் இன்னும் 7,000 கொடுக்க வேண்டுமாம்! அந்த அடாப்டர் கதையும் சொல்கிறேன். பிஎஸ்4 காலத்து அடாப்டர்களில் அசல் கண்ட்ரோலர் ஒன்றையும் சேர்த்துச் செருக வேண்டும், அந்தக் கண்ட்ரோலரைக் காட்டித்தான் கன்சோலைச் சம்மதிக்க வைக்கும். பிஎஸ்4 கண்ட்ரோலரை வைத்து பிஎஸ்5 கேம் ஆட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது, ஆக அந்த வழியில் போனால் பிஎஸ்4 கேம்களோடு நிற்க வேண்டியதுதான். இதில் ஒன்றையும் அவர் சொல்லவில்லை.

கடைசியாக, "சரி தம்பி, ஒங்களுக்காக நானே 8,000-க்கு எடுத்துக்கிடுதேன்" என்றார். அவர் கொடுத்த அதே பொருள், ஒரு கீறல் விழவில்லை, வாங்கின சூடு ஆறுவதற்குள் பாதிக்கும் கீழே. முடியாது, முழுப் பணம் 16,500-ஐயும் கொடுங்கள் என்றதற்கு, பழைய சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது என்று சுவரைக் காட்டினார், அப்படி ஒரு அட்டை புதிதாகத் தொங்குகிறது. நான் வாங்கின அன்றைக்கு அந்த அட்டை அங்கே இல்லை. கூட நின்றவர்களில் ஒருவர் "விடுங்க தம்பி, வியாபாரம்னா அப்படித்தான்" என்கிறார். எப்படி விடுவது? 16,500 ரூபாய் எங்கள் வீட்டில் ரெண்டு மாச மளிகைச் செலவு.

2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பதும், பில் கொடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம் என்று தெளிவாகவே இருக்கிறது. நாளைக்குக் காலையில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் பதியப் போகிறேன், அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஆப்பில் அவர் போட்டிருந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், ஜிபே ரசீதும் இருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். வீலை உங்கள் கன்சோலிலேயே, நீங்கள் ஆடுகிற கேமிலேயே ஓட்டிக் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள், கடையில் பெட்டி இல்லை என்றால் உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள். லேப்டாப்பில் ஓடுவது கணக்கிலேயே கிடையாது. பிஎஸ்5-க்கு என்றால் வீலில் ஷேர், ஆப்ஷன்ஸ் என்று பட்டன் இருக்கிறதா பாருங்கள், ஜி29-ல் பிஎஸ்3, பிஎஸ்4 என்று மாற்றுகிற ஒரு சுவிட்சும் இருக்கும், அதை பிஎஸ்4 பக்கம் வைக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கு உள்ள வீல் பிளேஸ்டேஷனில் ஓடாது, இங்கேயுள்ளது அங்கே ஓடாது. ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கு, ஜி923 என்ற ஒரே பேரில் ரெண்டுக்கும் தனித்தனியாக வருகிறது, பேரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன் வீல் அதற்குப் பிறகு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ரெண்டிலும் ஓடும், அதற்கு முந்தைய எக்ஸ்பாக்ஸ் 360 வீல் ஓடாது. சீட்டில் கன்சோல் பேரை எழுதி வாங்குங்கள், எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. அதே கடையில் கண்ணாடி அலமாரியில் லாஜிடெக்கின் டிரைவிங் ஃபோர்ஸ் ஜிடி என்ற வீல் ஒன்று இப்போதும் இருக்கிறது, சிவப்பு மார்க்கரில் "பிஎஸ்4, பிஎஸ்5 ஓகே" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதில் பிஎஸ் பட்டன்கூட இருக்கும், பார்த்தால் நம்பிக்கை வரும். அதுவும் பிஎஸ்3 காலத்து வீல்தான், பிஎஸ்5-ல் ஓடாது, வாங்காதீர்கள்.