எண்ணெய் பாட்டில் லேபிளுக்காக நாலு பேரும் கற்றுக்கொண்ட இங்க்ஸ்கேப்

காங்கேயம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மரச்செக்கு இருக்கிறது. கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் மூன்றும் ஆட்டுகிறோம். ஊர்ச்சனம் தூக்குப்போசியோடு வந்து வாங்கிப் போனவரைக்கும் லேபிள் பற்றி நினைத்ததே இல்லை. திருப்பூரில் இரண்டு கடைகளுக்குப் பாட்டிலில் அடைத்துக் கொடுக்க ஆரம்பித்ததும் அந்தக் கவலை வந்து சேர்ந்தது.

முதல் லேபிளை வெளியே டிசைன் செய்யக் கொடுத்தோம். 'நல்லெண்ணெய்' என்று வாட்ஸ்அப்பில் சரியாகத்தான் எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்ததில் 'நல்லெண்ணை'. அங்கே இருந்த பழைய மென்பொருளில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அதனால் பழைய எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்வார்கள். தட்டும்போதெல்லாம் ஒரு புதுப் பிழை. திருத்தத்துக்கு 200 ரூபாய், மூன்று நாள் காத்திருக்க வேண்டும். எண்ணெய் விற்கிறவர்களின் பாட்டிலிலேயே அந்தச் சொல் தப்பாக இருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒன்பதாவது படிக்கும் மகள்தான் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளின் பேரைச் சொன்னாள். 2003இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வளர்ந்தது. காசு கிடையாது; வியாபார வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கொழுந்தனார் மகள் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப்பில் ஏற்றினோம். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் 8 மணியிலிருந்து 9 வரை நான், வீட்டுக்காரர், மகள், அத்தை (என் மாமியார்) நாலு பேரும் அதன் முன்னால் உட்காருவோம். இப்போது நாலு மாதம் ஆகிறது.

புதிதாகக் கற்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் சைவக் குறி. உணவுப் பொட்டலங்களில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருக்குமே, அதுதான். கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு இழுத்தால் செவ்வகம் சதுரமாகிறது, நீள்வட்டம் வட்டமாகிறது. சதுரத்துக்கு உள்ளே நிறமில்லாமல் கோடு மட்டும், வட்டத்துக்குக் கோடில்லாமல் நிறம் மட்டும். பிறகு இரண்டையும் தேர்ந்தெடுத்து 'அலைன்' பலகையில் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு குறிக்குள் மென்பொருளின் கால்வாசி அடங்கிவிடுகிறது. அத்தைக்கு வயது 67. மவுசைப் பிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் வட்டத்தைச் சதுரத்தின் நடுவில் நிறுத்தியபோது, "இதை அழிச்சுப் போடாதீங்க, அப்புடியே வையுங்க" என்றார். இன்றைக்கும் எங்கள் பாட்டிலில் ஒட்டியிருப்பது அவர் போட்ட குறிதான்.

தமிழ் எழுத்துக்காகவே இந்த மென்பொருளுக்கு முழு மதிப்பெண் தருவேன். மகள் தமிழ்99 விசைப்பலகையில் நேராகத் தட்டுகிறாள். எழுத்து உடையாமல் நிற்கிறது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'ணெ'வின் கொம்பு ணகரத்துக்கு முன்னால், இடிக்காமல், அதன் இடத்தில் இருந்தது. கூகுளின் இலவச எழுத்துருக்களில் எண்ணெய்ப் பேருக்குக் கொழுத்த 'பலூ தம்பி'யும், பொடி எழுத்துக்கு 'முக்தா மலர்' வகையும் எடுத்தோம். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், நிகர அளவு, விலை, தயாரித்த தேதி எல்லாம் பொடியாகத்தான் வரும். எழுத்து மெலிந்தால் அச்சில் மை அடைத்துக்கொள்ளும், அதனால் கொஞ்சம் தடித்ததாகவே எடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும்முன் எழுத்து முழுவதையும் தேர்ந்தெடுத்து 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்துவிட வேண்டும். எழுத்து அப்போது வெறும் வடிவமாகிவிடும். அச்சகத்தில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் கொம்பு நகராது. அதற்கப்புறம் ஒரு எழுத்தைக்கூடத் தட்டித் திருத்த முடியாது என்பதால் மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்வது முக்கியம்.

காளை படத்துக்குத்தான் எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. காங்கேயம் பேரைச் சொல்லி விற்கிறோம், லேபிளில் மயிலைக் காளை (வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறம்) இருக்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. பங்காளி வீட்டுப் பூச்சிக்காளையை (இனவிருத்திக்கு வளர்க்கும் காளை) போனில் படமெடுத்து, போட்டோவைத் தானாகக் கோட்டு வடிவமாக்கும் 'டிரேஸ் பிட்மேப்' கொடுத்தோம். மூக்கணாங்கயிறு, கட்டுத்தறி நிழல் எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கான புள்ளிகளாக வந்து விழுந்தது. அதை விட்டுவிட்டு, படத்தைக் கீழ் அடுக்கில் மங்கலாக்கிப் பூட்டி, மேலே பேனாக் கருவியால் மகளே வரைந்தாள். கொம்பு மட்டும் நெளிநெளியாக இருந்தது. பார்த்தால் ஒரு கொம்பில் 11 புள்ளி வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றாக நீக்கி நாலு புள்ளிக்குக் கொண்டுவந்து, ஷிஃப்ட்டும் எஸ்ஸும் தட்டினாள். புள்ளியின் இரண்டு பக்கக் கைப்பிடியும் ஒரே நேர்கோட்டில் நிற்க, வளைவு வழுக்கிக்கொண்டு போனது.

அத்தை அதிலும் திருத்தம் சொன்னார். "அம்மிணி, கொம்பு வெளிய போயிப் பின்னால வளைஞ்சு, நுனி ரெண்டும் கிட்டக்க வரோணும். கழுத்தும் திமிலும் கருக்கலா இருக்கோணும். அப்பத்தான் மயிலை."

"சரிங் ஆத்தா" என்று மகள் திமிலுக்கு மட்டும் தனி வடிவம் போட்டுக் கரும்சாம்பல் கொடுத்தாள். அப்போதுதான் அது எங்கள் ஊர்க் காளை ஆனது.

குறை என்றால் நிறம். இங்க்ஸ்கேப் அடிப்படையில் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில், அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளியின் கலவையில், வேலை செய்கிறது. அச்சு இயந்திரத்துக்கு வேண்டியது சிஎம்ஒய்கே என்ற நாலு மைகளின் கலவை. இது தெரியாமல் பின்னணிக்குத் தளிர்ப்பச்சை வைத்தோம். தாளில் வெந்த கீரை நிறத்தில் வந்தது. 10 ஷீட் வீண். இப்போது மஞ்சளும் அரக்கும் மட்டும் வைக்கிறோம். அவை அவ்வளவாக மாறுவதில்லை. எந்த நிறமானாலும் முதலில் ஒரே ஒரு ஷீட் மாதிரி அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மீதிக்குச் சொல்கிறோம். சிஎம்ஒய்கே வேலைக்கு ஸ்கிரைபஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருள் இருக்கிறது. வீட்டுக்காரர் இப்போது அதைப் படிக்கிறார்.

அளவு வேலை முழுக்க அவருடையது. நூல் பிடித்து மரச்சட்டம் அறுக்கிற கை, மில்லிமீட்டரில் சுத்தம். லேபிள் 85க்கு 105 மில்லிமீட்டர். வெட்டும்போது வெள்ளை தெரியாமல் இருக்கச் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் நிறத்தை நீட்டிவிடுவார். 13க்கு 19 அங்குல ஷீட்டில் குறுக்கே 3, நெடுக்கே 4 என 12 லேபிள். ஒன்றைப் படி எடுத்து வரிசையாக அடுக்கும் 'டைல்டு குளோன்ஸ்' கொடுத்தால் முதல் லேபிளில் விலையைத் திருத்தியதும் மற்றதெல்லாம் தானாகத் திருந்திவிடும். "மாமா, இதை முன்னாடியே பார்த்திருந்தா எத்தனை ராத்திரி மிச்சமாயிருக்கும்" என்று வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன்.

மகள் பள்ளி வேலைக்குக் கேன்வா என்ற டிசைன் செயலியைப் பயன்படுத்துகிறாள். பொங்கல் வாழ்த்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடப் போனிலேயே ஐந்து நிமிடத்தில் முடிகிறது. அதற்கு அது போதும். லேபிள் மாதிரி ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகக் கூடாத வேலைக்கு நாங்கள் இங்க்ஸ்கேப்பைத்தான் திறக்கிறோம். முழுதாகக் கைவர ஒரு மாதம் ஆகும், அதற்குத் தயாராக இருங்கள். இறக்கும்போது இங்க்ஸ்கேப் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள்.

போன வாரம் தேங்காயெண்ணெய் லேபிள் தொடங்கியிருக்கிறோம். தென்னங்கீற்றை அத்தை ஒரு இலை மட்டும் போட்டுக் கொடுத்தார்; மகள் அதைப் படி எடுத்துத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறாள்.