ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்: எட்டு வருடமாக ஒரே உலகத்தில்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் நுழையும் விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதில் எட்டு வருடமாக எங்கள் குழுவுக்கு நான்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது உலகத்தை விவரித்துக் கதையை நடத்துபவர். மூன்று கேம்பெய்ன் (பல செஷன்களுக்கு நீளும் தொடர்கதை) முடிந்து நான்காவது ஓடுகிறது. நான்கும் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில்தான். எட் கிரீன்வுட் சிறுவயதில் தன் கதைகளுக்காகக் கற்பனை செய்த உலகம் இது. 1987இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்கான பெட்டித் தொகுப்பாக வந்தது. அதன் பிறகு சேர்ந்த சரித்திரத்தைப் படித்து மாளாது. படித்ததை மேசைக்கு எப்படிக் கொண்டுவருவது என்பது எனக்குப் பிடிபடத்தான் நாளானது.

முதல் கேம்பெய்னில், நெதரில் என்ற பழைய மந்திரவாதிகளின் பேரரசு வீழ்ந்த கதையை இருபது நிமிடம் சொன்னேன். மந்திரத் தெய்வத்தின் சக்தியையே பறிக்கப் பார்த்த மந்திரவாதி கார்சஸ், வானத்திலிருந்து விழுந்த மிதக்கும் நகரங்கள் என்று அருமையான கதை. ஆனால் கேட்டவர்களுக்கு அதில் செய்ய ஒரு வேலையும் இல்லை. அடுத்த செஷனில் கார்சஸ் பெயரே யாருக்கும் நினைவில்லை.

கேண்டில்கீப் அப்படியில்லை. கடலோரப் பாறைமேல் நிற்கும் நூலகக் கோட்டை அது. உள்ளே போக வேண்டுமானால் அங்கே இல்லாத ஒரு நூலைக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மூன்று செஷன் அதிலேயே போனது! திருடலாம் என்றார் ஒருவர், பாழடைந்த கோபுரத்தில் தேடலாம் என்றார் இன்னொருவர். கடைசியில், குழுவில் பாணனாக விளையாடுபவர் தாங்கள் அதுவரை பட்ட பாட்டையெல்லாம் நிஜமாகவே ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வாசலில் இருந்த துறவி நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அதற்கு அடுத்தபடியாகக் கைகொடுப்பது அந்த உலகத்தின் ஹார்ப்டோஸ் நாட்காட்டி. பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு முப்பது நாள், வாரத்துக்குப் பத்து நாள். எந்த மாதத்திலும் சேராமல் ஐந்து திருநாள்கள் தனியே வரும். உக்டார் மாதம் முடிந்து நைட்டல் மாதம் பிறக்கும் முன் வரும் நிலாத் திருநாள், இறந்தவர்களை நினைக்கும் நாள். செத்துப்போன கேரக்டர்களைப் பற்றி அன்று ஆளுக்கொரு வார்த்தை சொல்வோம். முதல் தடவை யாருக்கும் பேச்சே வரவில்லை.

குறை என்றால் காலக் குழப்பம்தான். 2008இல் வந்த விளையாட்டின் நான்காம் பதிப்பு கதையை ஏறத்தாழ நூறு வருடம் எதிர்காலத்துக்குத் தள்ளிவிட்டது. ஐந்தாம் பதிப்பில் பலவற்றைப் பழையபடி திருப்பினார்கள். அதனால் ஒரே ஊரைத் தேடினால் இரண்டு மூன்று விதமான தகவல் வந்து நிற்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் முதலிலேயே ஒரு வருடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் அந்த உலகத்தின் ஆண்டுக் கணக்கான டேல் கணக்கில் 1372ஐ எடுத்துக்கொண்டோம்.

அப்புறமும் முரண்பாடு வரத்தான் செய்யும். அதற்கும் இந்த உலகமே வழி வைத்திருக்கிறது. வோலோ என்ற ஊர்சுற்றி எழுதியதாக வந்த வழிகாட்டிகளில், எல்மின்ஸ்டர் என்ற கிழ மந்திரவாதி ஆங்காங்கே குறுக்கிட்டுக் குறிப்பு எழுதுவார். அதே உத்தியை நானும் எடுத்துக்கொண்டேன். எந்தத் தகவலையும் நானாகச் சொல்வதில்லை, ஊரில் யாராவது சொல்வார்கள். அது தப்பாகவும் இருக்கலாம்.

இப்போது குழு வாட்டர்டீப் நகரத்தில், யானிங் போர்ட்டல் சத்திரத்தின் கிணற்றடியில் நிற்கிறது. கீழே அண்டர்மவுண்டன் என்ற பிரம்மாண்டமான பாதாளம். அதைக் குடைந்த மந்திரவாதி ஹலாஸ்டரைப் பற்றி மூன்று பேரிடம் மூன்று கதை கேட்டுவிட்டார்கள். எது உண்மை என்று நானே இன்னும் முடிவு செய்யவில்லை.