தட்டிலா, கலனிலா: பூஞ்சை நொதி பெற எந்த முறை?

கோதுமைத் தவிடு போன்ற தாவரக் கழிவில் பூஞ்சை வளர்த்து, தாவர நாரைச் சிதைக்கும் செல்லுலேஸ், சைலனேஸ் போன்ற நொதிகளைப் பெற முனைவோர், ஈரமாக்கிய கழிவின் மீதே வளர்க்கும் திடநிலை நொதித்தலா, நீர்ம ஊடகத்தில் கலக்கி வளர்க்கும் மூழ்கு நொதித்தலா என்று தயங்குவது இயல்பு.

செலவு: திடநிலைக்குத் தட்டுகளும் ஈரப்பதம் காக்கும் அறையும் போதும். மூழ்கு முறைக்குக் கலக்கியும் காற்றூட்டியும் பொருத்திய கலன் தேவை.

தொற்று: நீர் குறைந்த திட ஊடகத்தில் பாக்டீரியா எளிதில் பெருகாது. நீர்மத்தில் சிறு கவனக்குறைவும் முழுக் கலனையும் கெடுத்துவிடும்.

வெப்பம்: திடநிலையின் உண்மையான சிக்கல் இதுவே. பூஞ்சையின் சுவாசத்தில் வெளிப்படும் வெப்பம் கோதுமைத் தவிட்டு அடுக்கின் நடுவில் தேங்குவதால், சில சென்டிமீட்டருக்கு மேல் தடிமனாகப் பரப்பினால், மேலே வெண்ணிற இழைகள் செழித்திருக்கும்போதே உள்ளே வளர்ச்சி நின்றுவிடும். காற்றைச் செலுத்தினால் சூடு தணியும், ஆனால் ஈரமும் போய்விடும். நீர்மக் கலனில் குளிர்நீர் உறையே இதைப் பார்த்துக்கொள்ளும்.

பிரித்தெடுத்தல்: தவிட்டிலிருந்து நொதியைக் கழுவி வடிக்க வேண்டும், சாறு செறிவாக இருந்தாலும் நிறமிகளும் உடன் வரும். நீர்மத்தில் இழைகளை வடிகட்டினால் போதும்.

கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் தூய்மைப்படுத்தாத நொதிக்குத் திடநிலையே என் தேர்வு. ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில், பேரளவில் தூய நொதி வேண்டுமெனில் மூழ்கு முறையே ஏற்றது. எதைத் தேர்ந்தாலும், டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையின் செல்லுலேஸில், சிதைவின் இறுதிப் படியில் குளுக்கோஸைத் தரும் பீட்டா-குளுக்கோசிடேஸ் நொதி குறைவு என்பதால், அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையின் நொதியையும் சேர்ப்பது நல்லது.